குண்டு கொத்தனாரும் பிடியரிசியும்

எஸ்தர், தானியேலு, இதை நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடாமல் மாறி மாறிப் படிக்க வேண்டும். ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் தம்பி. உங்கள் அப்பா ஏழாவது வரைக்கும் படித்தவன். மேலே படிக்க ஆசைதான், வீட்டில் வயிறுகள் அதிகம் இருந்தன. அதனால் எழுத்தில் பிழை இருந்தால் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருந்தால் மட்டும் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

போன வாரம் தானியேல் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக, "அப்பா, பலம் இருக்கறதுதான் பொழைக்குமாம், பலம் இல்லாதது செத்துப் போவுமாம், அதான் இயற்கையாம். புஸ்தகத்துல போட்டுக்கீது. அப்போ கோயில்ல சொல்றதெல்லாம் பொய்யா?" என்று கேட்டான். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "சாப்ட்டுட்டு சொல்றேன்டா" என்றேன். சாப்பிட்டு ஆறு நாள் ஆகிறது. அவனும் விடவில்லை, தினமும் என் தட்டையே பார்க்கிறான்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. ஒரு ஆள்தான் இருக்கிறார். அவரைச் சொன்னால் பதிலும் கூடவே வந்துவிடும் என்று நினைத்து எழுதுகிறேன்.

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் எத்தனை கோயில் உண்டோ, அத்தனை கோயிலிலும் பிரசங்கம் செய்தவர்கள் பிசாசுக்குப் பயந்ததாக எனக்குத் தெரியாது. குண்டு கொத்தனாருக்குப் பயந்தார்கள்.

பெயரைக் கேட்டுவிட்டு வெளியூர்க்காரர்கள் தொந்தியும் தொப்பையுமாக ஒருவரைத் தேடுவார்கள். அவரோ முருங்கைக்காய்க்கு வேட்டி கட்டியது போல இருப்பார். குண்டு என்பது அவர் இடுப்பில் தொங்கிய பித்தளைத் தூக்குக்குண்டு. சுவர் நேராக நிற்கிறதா என்று நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பார்களே, அது. தூங்கும்போதும் அதை அவிழ்க்க மாட்டார் என்றும், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது பெண் வீட்டுச் சுவருக்குக் குண்டு விட்டுப் பார்த்ததில் சம்பந்தம் முறிந்தது என்றும் சொல்வார்கள். முதலாவது நிஜம். இரண்டாவதை அவரிடமே கேட்டேன். "பொண்ணு நல்ல பொண்ணு நைனா. செவுருதான் சரியில்ல" என்றார். அதன் பிறகு அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

அண்ணனூர் ஏரிக்கரைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் சின்னக் கோயிலில் அவர் மூன்றாவது வரிசைப் பாயில் உட்காருவார். உபதேசியார் ஐயா பிரசங்கம் செய்வார். வேதத்தில் இல்லாத எதையாவது அவர் வேதம் என்று சொல்லிவிட்டால், கொத்தனார் ஒரு வார்த்தை பேச மாட்டார். மெதுவாக இடுப்பிலிருந்து நூலை அவிழ்த்து, கையை உயர்த்தி, குண்டைத் தொங்க விடுவார். அது ஆடி ஆடி நிற்கும். சபை முழுக்க அந்தக் குண்டையே பார்க்கும். உபதேசியார் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் வரைக்கும் கை இறங்காது.

பட்டணத்திலிருந்து ஒரு முறை வந்த பெரிய பாஸ்டர் ஐயா, பாதிப் பிரசங்கத்தில் நிறுத்தி, "அந்த அண்ணன் எதுக்கு எலுமிச்சம்பழத்தைக் கட்டித் தொங்க விடுறாங்க?" என்று கேட்டார். உபதேசியார் எழுந்து நின்று, "அது எலுமிச்சம்பழம் இல்லீங்க. நீங்க இப்ப சொன்னது வேதத்துல இல்லீங்க" என்றார். பாஸ்டர் ஐயா பக்கம் பக்கமாகப் புரட்டினார். இல்லைதான்.

ஏதேன் தோட்டத்தில் ஏவாள் பறித்தது ஆப்பிள் என்று ஞாயிறு பள்ளிக்கூடத்தில் படம் மாட்டியிருந்தார்கள். குண்டு இறங்கியது. பழம் என்று இருக்கிறதே தவிர என்ன பழம் என்று எங்கே இருக்கிறது என்பது வாசலில் நின்று அவர் கேட்ட கேள்வி. எங்களில் ஒருவரும் ஆப்பிளைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆகையால் ஆப்பிளுக்காகப் பரிந்து பேச ஆள் இல்லை. மூன்று வாரம் வாதம் நடந்து, கடைசியில் அந்தப் பழத்தின்மேல் சுண்ணாம்பு பூசிவிட்டார்கள். நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். ஏவாள் கையில் கோழி முட்டையை வைத்திருப்பது போல இருக்கும்.

கிறிஸ்துமஸ் நாடகம் அதைவிட மோசம். குழந்தை ஏசுவைப் பார்க்கக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளாக மூன்று பேர் ஜரிகைத் துண்டு போட்டுக்கொண்டு வந்தார்கள். குண்டு இறங்கியது. காணிக்கை மூன்று என்றுதான் எழுதியிருக்கிறதே ஒழிய ஆள் மூன்று என்று எழுதியிருக்கவில்லையாம். நாடகம் முடிந்து வெளியே வந்ததும், சரி, எத்தனை பேர் என்று கேட்டதற்கு, "எனக்கு எப்டி தெரியும்? அத்த எழுதலன்றதுதான் எனக்குத் தெரியும்" என்றார். அடுத்த வருஷம் உபதேசியார் யோசித்து, வம்பே வேண்டாம் என்று பதினோரு சாஸ்திரிகளை அனுப்பினார். மேடையில் இடம் போதாமல் யோசேப்பு கீழே இறங்கி நின்றுகொண்டார்.

வெளியிலிருந்து எது வந்தாலும் அவர் விரட்டுவார் என்று நினைத்துவிடாதீர்கள். காலரா வந்த வருஷம் ஊசி போட டாக்டர் வந்தார். ஊசி போட்டுக்கொள்வது விசுவாசக் குறைவு, வேதத்தில் ஊசி இல்லை என்று சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கொத்தனார் முதல் ஆளாகக் கையை நீட்டினார். "லூக்கா யாரு? வைத்தியரு. அவுரு எழுதுனத்த படிப்பே, அவுரு வேலைய மட்டும் வாணாம்னுவியா?" என்று கேட்டார். அன்றைக்குக் கதவைச் சாத்திய வீடுகளின் முன்னால் குண்டைத் தொங்கவிட்டு நின்றார். எல்லோரும் வெளியே வந்தார்கள்.

அவருக்கு வேதத்தில் ரொம்பப் பிடித்தவர் ஆமோஸ் தீர்க்கதரிசி. ஆண்டவர் தூக்குநூலைக் கையில் பிடித்துக்கொண்டு மதில்மேல் நின்றதாக அங்கே வருகிறதல்லவா? "ஏசுவ தச்சருன்றானுங்க. சர்தான். ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே எங்க தொயிலு" என்பார்.

இனிமேல்தான் உங்கள் அப்பா வருகிறான். இதைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

உலகச் சண்டைக் காலம். ஆவடியில் ராணுவ முகாம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வயல் இருந்த இடமெல்லாம் ஷெட்டு. கொத்தனாருக்கு அங்கே சுவர் வேலை. எனக்கு டிப்போவில் மரப்பெட்டிகள்மேல் பெயின்டால் நம்பர் எழுதும் வேலை. எழுத்து அழகாக இருக்கிறது என்று டிப்போ கிளார்க் என்னைப் பாராட்டுவார். அவரே எங்கள் சபைக்கும் செகரட்டரி. நல்ல மனிதர். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் கொயினா மாத்திரையோடு போய் நிற்பார். பத்திரிகை நிறையப் படிப்பார். படித்ததை எனக்கும் கொடுப்பார்.

ரங்கூன் அரிசி வருவது நின்றுபோய், ஊரெல்லாம் அரிசிக்கு அலைந்த சமயம். எங்கள் கோயிலில் பிடியரிசி வழக்கம் இருந்தது. இன்றைக்கும் அம்மா செய்கிறாளே, உலையில் போடும்முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது, அதுதான். ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டுப் பானையும் கோயிலில் ஒரு கூடையில் கொட்டப்படும். அந்தக் கூடை ராக்கேல் அக்காவுக்குப் போகும். அக்காவுக்குச் செங்கல் சூளையில் வண்டி சாய்ந்து வலது கை நசுங்கிவிட்டது. புருஷன் இல்லை. இரண்டு சின்னப் பெண்கள். ஆறு வருஷமாக அந்தக் கூடைதான் அவர்கள் வீட்டு அடுப்பு.

செகரட்டரி ஐயா ஒரு பத்திரிகையை என்னிடம் கொடுத்தார். அதில் ஒரு கட்டுரை. இயற்கையில் பலமுள்ளது பிழைக்கிறது, பலமில்லாதது ஒழிகிறது, இலவசமாகக் கொடுப்பது பலவீனத்தை வளர்ப்பது, அப்படிக் கொடுக்கும் ஜனங்கள் முன்னேற மாட்டார்கள் என்று நல்ல தமிழில் எழுதியிருந்தது. நான் இரண்டு தடவை படித்தேன். எனக்குத் தலை ஒரு சாண் வளர்ந்தது போல இருந்தது. "நம்ம சபைக்கு இது வேணும்டா தம்பி. அரிசி இருக்கிற லட்சணத்துல, உழைக்க முடிஞ்சவங்களுக்கு மட்டும் கொடுக்கறதுதான் முறை. நீ நல்லா பேசுவே. உபதேசியாருக்குக் காய்ச்சல், இந்த வாரம் நீ பேசு" என்றார்.

பேசினேன். தாய்க்கோழி நோஞ்சான் குஞ்சைக் கொத்தித் தள்ளுவதைச் சொன்னேன். களை எடுக்காத வயலைச் சொன்னேன். விஞ்ஞானம் என்ற வார்த்தையை ஏழு தடவை சொன்னதாக உங்கள் அம்மா எண்ணியிருக்கிறாள். ராக்கேல் அக்காவின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் கூடை யாருக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அக்கா தூண் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் கையை மூடிக்கொண்டாள்.

எதிர்பார்த்தபடியே குண்டு இறங்கியது.

நான் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். "அண்ணாத்தே, வசனம் கேக்கறீங்களா? இருக்கு" என்று சொல்லி, வேலை செய்ய மனமில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் அப்போஸ்தலர் எழுதிய இடத்தைத் திறந்து உரக்கப் படித்தேன்.

குண்டு இரண்டு ஆட்டம் ஆடியது. பிறகு கொத்தனார் நூலைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். என் நினைவு தெரிந்து, சொன்னவர் திருப்பி எடுத்துக்கொள்ளாமல் அந்தக் குண்டு மேலே போனது அன்றைக்குத்தான். சபையில் ஒரு பெருமூச்சு கேட்டது. கூடையை இனி உழைக்கிறவர்களுக்கு மட்டும் கொடுப்பது பற்றி அடுத்த ஞாயிறு கை தூக்கித் தீர்மானம் எடுப்பது என்று செகரட்டரி ஐயா அறிவித்தார். நான் கோலியாத்தைச் சாய்த்தவன் மாதிரி வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் உங்கள் அம்மா சோறு போட்டாள். போட்டுவிட்டு, "பிடியரிசிப் பானை என் அடுப்பங்கரையில கீது. உங்க கட்டுரை எங்க கீது?" என்று கேட்டாள்.

"உனக்குப் புரியாது. இது விஞ்ஞானம்" என்றேன்.

"எட்டாவது தபா" என்றாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், வாசலில் கொத்தனார் குந்தியிருக்கிறார். மடியில் துண்டில் சுற்றிய வேதப்புத்தகம். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"நைனா, நேத்து பட்ச்சியே, அத்த இன்னொரு தபா படி."

படித்தேன்.

"அதுக்கு மேல இன்னா கீது?"

படித்தேன். பவுல் தானே ராவும் பகலும் பாடுபட்டு வேலை செய்ததைச் சொல்லியிருந்தார்.

"கீய?"

படித்தேன். வேலை எதுவும் செய்யாமல் ஊர் வம்பு பேசிக்கொண்டு திரிகிறவர்களைத்தான் அவர் கண்டித்திருக்கிறார் என்று அப்போதுதான் பார்த்தேன். அதற்கும் கீழே, நன்மை செய்வதில் நீங்கள் சோர்ந்துபோக வேண்டாம் என்று இருந்தது. அந்த வரிக்கு வரும்போது என் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"இத்த ஏன் நேத்து படிக்கல?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"நீங்களே வீட்டுல படிச்சிருக்கலாமே, அண்ணாத்தே" என்றேன், தப்பிப்பதற்காக.

அவர் புத்தகத்தைத் தடவினார். "எனக்கு எயுத்து தெரியாது நைனா. யாராவது பட்ச்சா கேட்டுக்குவேன். கேட்டத்த மறக்க மாட்டேன். அவ்ளோதான் என் படிப்பு."

எத்தனை வருஷமாக அவர் ரோட்டில் எங்களை நிறுத்தி, புத்தகத்தை நீட்டி, "இந்த எடத்த படி பாக்கலாம்" என்பார். பரீட்சை வைக்கிறார் என்று நடுங்கி நடுங்கிப் படிப்போம். தப்பில்லாமல் படித்துவிட்டால் பாஸாகிவிட்டோம் என்று சந்தோஷப்படுவோம். எங்களையெல்லாம் வைத்து அவர் வேதம் முழுவதையும் கேட்டு முடித்திருக்கிறார்.

"இப்ப கேளு நைனா. ஒரு கல்ல வெச்சுக்கினு செவுரு நேரா கீதுன்னு எந்தக் கொத்தனாரும் சொல்ல மாட்டான். நூல மேலேர்ந்து கீய வரைக்கும் உடணும். நீ ஒரு கல்லக் காட்டுனே. நல்ல கல்லுதான், நான் ஒத்துக்கினேன், அதான் குண்ட எடுத்துட்டேன். இப்போ செவுரக் காட்டு."

அந்த வாரம் முழுக்க, சாயங்காலம் தவறாமல், உங்கள் அப்பாதான் படித்தான். வயலை அறுக்கும்போது ஓரத்தை அறுக்காமல் எளியவனுக்கு விடச் சொன்ன சட்டம். வனாந்தரத்தில் வானத்திலிருந்து விழுந்த மன்னாவைப் பொறுக்கியபோது கொஞ்சம் பொறுக்கியவனுக்கும் குறையாமல் இருந்தது. கடைசி மணிநேரத்தில் வந்த கூலியாளுக்கும் முழுக் கூலி கொடுத்த திராட்சைத் தோட்டக்காரர். குளத்தங்கரையில் முப்பத்தெட்டு வருஷம் தூக்கிவிட ஆளில்லாமல் கிடந்தவன். ஒவ்வொன்றும் அவருக்கு எங்கே இருக்கிறது என்று தெரியும். "வலப்பக்கம், பாதிக்குக் கீய, எலி கட்ச்ச எடத்துக்கு ரெண்டு தாளு முன்ன" என்பார். திறந்தால் அங்கேதான் இருக்கும்.

நான் சும்மா இருக்கவில்லை. புதன்கிழமை, "அண்ணாத்தே, அதெல்லாம் அந்தக் காலம். கோழி குஞ்சைக் கொத்துது, நான் கண்ணால பார்த்திருக்கேன். அது பொய்யா?" என்று கேட்டேன்.

"பொய்ன்னு யாரு சொன்னது? நானும் பாத்துக்கீறேன். கோயி கொத்தத்தான் கொத்தும். கோயி இன்னா பண்ணுதுன்னு அந்தப் பேப்பரு எய்திக்கீது, சர்தான். நாம இன்னா பண்ணணும்னு கோயிகிட்டயா போயி கேக்கறது?"

உங்கள் அம்மா உள்ளேயிருந்து சிரித்தாள். தானியேலு, நீ கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இது ஒன்றுதான். உன் புத்தகத்தில் இருப்பதை நான் பொய் என்று சொல்லவில்லை. அதைக் கோழி படிக்கட்டும்.

வெள்ளிக்கிழமைக்குள் என் தொண்டை கட்டிவிட்டது. "உங்க கேசுல நீங்களே எதிர்கட்சி வக்கீலு" என்று அம்மா சுக்குக் கஷாயம் கொடுத்தாள். மனசுக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, நான் சொன்னது தவறு. ஆனால் நூறு பேர் முன்னால் விஞ்ஞானம் பேசியவன், ஒரே வாரத்தில் எப்படித் திருப்பிப் பேசுவது? டிப்போவில் செகரட்டரி ஐயா என் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். ராக்கேல் அக்கா தெருவில் எதிரே வந்தபோது நான் வேறு சந்தில் திரும்பினேன். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவோம், மற்றவர்கள் கை தூக்கினால் தூக்கட்டும் என்று முடிவு செய்தேன். கோழைகளுக்கு அது ஒரு நல்ல முடிவாகத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை. உபதேசியார் காய்ச்சலோடு கம்பளி போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். அரிசிக் கூடை முன்னால் இருந்தது. ஆராதனை முடிந்ததும் செகரட்டரி ஐயா எழுந்து, "தீர்மானத்துக்கு ஆதரவா கை தூக்குங்க" என்றார். பத்துப் பதினைந்து கை பாதி வரைக்கும் எழுந்தது.

அப்போது கொத்தனார் எழுந்து நின்றார். நூலை அவிழ்க்கவில்லை. வாயைத் திறந்தார். கோயிலுக்குள் அவர் குரலை நாங்கள் கேட்டதே இல்லை.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய வாங்க" என்றார்.

"எதுக்கு?" என்றார் செகரட்டரி.

"வந்தா தெரியும் சார்."

முழு சபையும் பாய்களை மிதித்துக்கொண்டு வெளியே போனது. உபதேசியார் கம்பளியோடு போனார். கொத்தனார் எங்களைக் கோயிலுக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் மணி அடிக்கும்முன் கொத்தனார் தனியாக இந்தப் பின்பக்கம் போய்விட்டு வருவார். ஏன் என்று யாருக்கும் தெரியாது. வெற்றிலை போடுகிறார் என்று உபதேசியார் நினைத்திருந்தார். புதையல் தேடுகிறார் என்று வேறு சிலர் அங்கே இரண்டு தடவை தோண்டிப் பார்த்திருக்கிறார்கள்.

அவர் ஒரு கல்மேல் ஏறி, நூலின் மேல் முனையில் இருந்த மரக்கட்டையைச் சுவர் உச்சியில் ஒட்டி வைத்து, குண்டைக் கீழே விட்டார். ஆடி நின்றது. குண்டுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி.

"கோணல்" என்றார். "வெளிப்பக்கமா சாஞ்சிக்கீது. இத்தக் கட்னவன் நான்தான். மேஸ்திரின்னு பேரு வந்த புதுசு. குண்டு உடாம கண்ணாலயே பாத்துக் கட்டிட்டேன்."

உலகத்தில் இருக்கிற சுவரையெல்லாம் குறை சொன்ன மனிதர், தான் கட்டிய கோணல் சுவருக்குள்தான் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறார்.

"இயற்கைப்படி பாத்தா இது என்னிக்கோ உயுந்திருக்கணும். சாஞ்ச செவுரு நிக்காது. ஏன் நிக்குது?" அவர் பக்கத்தில் இருந்த முட்டுச் சுவரைத் தட்டினார். கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும், கோயில் சுவருக்குத் தோள் கொடுத்தது போல நிற்கும். அழகுக்காகக் கட்டுகிறேன் என்று உபதேசியாரிடம் சொல்லி, கூலி வாங்காமல் சனிக்கிழமைகளில் கட்டியது அது. "இதுதான். வாரா வாரம் வந்து பாக்கறேன், புடிச்சிக்கினு கீதான்னு. நீங்க சொல்றாப்ல இந்த முட்ட எடுத்துட்லாம். அப்பாலே கோயிலு எந்தப் பக்கம் உயுதோ, அந்தப் பக்கம் குந்தாதீங்க."

சிரிப்பு எழுந்தது. செகரட்டரி ஐயாவுக்கும் உதடு துடித்தது. ஆனால் அவர் விடவில்லை. "சுவரும் மனுஷனும் ஒண்ணா, கொத்தனாரே?"

"இல்ல சார். செவுத்தப் பத்தி ஆண்டவரு ரொம்ப ஒண்ணும் சொல்லல. மனுஷனப் பத்தித்தான் சொல்லிக்கீறாரு."

அப்போதுதான் ராக்கேல் அக்கா பேசினாள். "ஒரு வாரமா என்னப் பத்தியே பேசிக்கினு கீறீங்க. நான் செவுரும் இல்ல, கோயிக்குஞ்சும் இல்ல. இங்கதான் நின்னுகினு கீறேன். கூடையக் குடுங்க, குடுக்காத போங்க. ஆனா அந்தக் கூடையில என் ஊட்டு அரிசியும் ஒரு பிடி கீது. வாரா வாரம் கெடைக்கறதுலேர்ந்து எடுத்துக் கொண்டாந்து போடறேன். எடக் கையால எடுக்கறதால கொஞ்சம் சிந்தும், அவ்ளோதான். நான் குடுக்கறத நிறுத்தணும்னா மட்டும் சொல்லிடுங்க."

கொத்தனார் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். துண்டை அவிழ்த்துப் புத்தகத்தை நீட்டினார். "படி நைனா. சாமுவேல் ரெண்டாம் புஸ்தகம். அட்டைலேர்ந்து ஒரு கைப்பிடி உள்ள. மேவிபோசேத்து."

வாயை மூடிக்கொண்டு இருப்பது என்ற முடிவு எங்கே போனதோ தெரியாது. கையில் புத்தகம் இருந்தது. படித்தேன். தாவீதின் சிநேகிதன் யோனத்தானின் மகன். இரண்டு காலும் முடம். தன்னால் பிரயோஜனம் இல்லை என்று அவனே சொல்லிக்கொள்கிறான், செத்த நாயைப் போன்றவன் என்கிறான். தாவீது ராஜா அவனைத் தன் பந்தியில், தன் பிள்ளைகளில் ஒருவனைப் போல, தினமும் உட்கார வைத்துச் சாப்பிட வைக்கிறார். அவன் அதற்கு என்ன வேலை செய்தான் என்று ஒரு வரி கூட இல்லை. கடைசியிலும் அவன் காலைக் குறித்து எழுதித்தான் அந்த அதிகாரம் முடிகிறது. கால் சரியாகிவிட்டது என்று எழுதவில்லை.

படித்து முடித்ததும் செகரட்டரி ஐயா மெதுவாகக் கேட்டார். "முன்மொழிஞ்சவன் நீதானேப்பா. நீ என்ன சொல்றே?"

"நான் காட்டினது ஒரு கல்லு ஐயா" என்றேன். "சுவரை இப்பத்தான் பார்த்தேன். நான் சொன்னதை எடுத்துக்கறேன்." பிறகு ராக்கேல் அக்கா பக்கம் திரும்பி, "அக்கா, மன்னிச்சிடு" என்றேன்.

"உன் தொண்ட ஏன் இப்டி கீது?" என்றாள் அக்கா. "சுக்கு போட்டுக் குடி."

செகரட்டரி ஐயா கொஞ்ச நேரம் இரண்டு விரல் இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றார். தீர்மானம் தோற்றது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "ஒத்திவைக்கப்படுகிறது" என்றார். இன்றுவரை ஒத்திதான். அன்றைக்குக் கூடையை ராக்கேல் அக்கா வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

எல்லோரும் கலைந்த பிறகு கொத்தனார் என்னிடம் வந்து, "நல்லா பட்ச்சே" என்றார். "ஆனா போன வாரம் அந்தக் கோயி கதை சொன்னியே, அதுவும் நல்லாத்தான் இருந்திச்சு. உட்டுடாதே, வேற எங்கனா உதவும்."

சண்டை முடியும்முன் அவர் காலமானார். நுரையீரலில் சுண்ணாம்பு என்றார்கள். கடைசிச் சில வாரம் நான்தான் போய்ப் படிப்பேன். எந்த இடம் வேண்டும் என்று கேட்டால், "எலி கட்ச்ச எடத்துல இருந்து" என்பார். அடக்கத்துக்கு முகாமிலிருந்து அத்தனை கொத்தனார்களும் வந்தார்கள். குழி நேராக இருக்கிறதா என்று ஒருவன் குண்டு விட்டுப் பார்த்தான், யாரும் சிரிக்கவில்லை. அவருடைய குண்டை அவரோடேயே வைத்தோம்.

மரச்சிலுவைக்கு நான்தான் பெயின்டு அடித்தேன். சபைப் பதிவில் தேடிப் பிடித்து, அவருடைய ஞானஸ்நானப் பெயரைப் பெட்டி நம்பர் மாதிரி அழகாக எழுதினேன். பார்த்தவர்கள் எல்லோரும், "இது யாரு?" என்று கேட்டார்கள்.

அந்த மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள், வேலையிலிருந்து திரும்பும் வழியில், நான் மட்டும் அங்கே போனேன். மண் இளகிச் சிலுவை சாய்ந்திருந்தது. பையில் இருந்த நூலில் வீட்டுச் சாவியைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். சாவிக்கும் மரத்துக்கும் நடுவே இரண்டு விரல் போயிற்று. பிடுங்கி நேராக நடலாம் என்று கை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். ஏரிக்கரையிலிருந்து ஒரு நல்ல கல்லாகப் பார்த்துத் தூக்கிவந்து, சாய்ந்த பக்கத்தில் முட்டுக் கொடுத்தேன். கையால் ஆட்டிப் பார்த்தேன். நின்றது. சாவியை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.